அறுபத்து நான்கு போன், முப்பத்தெட்டு ஓட்டு

"அம்மாசி பேருல ஒரு போன் ரிப்பேருக்கு வந்திருக்குதுங்களா?"

கேட்டுவிட்டுக் கோகிலவாணி கண்ணாடி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தம் முழுவதும் அந்தச் சின்னக் கடைக்குள் வந்து குடியேறியிருந்தது. சுவரில் 'நிர்மலா செல் சர்வீஸ்' என்று எழுதியிருந்தது. மேஜைக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, திறந்து கிடந்த ஒரு போனின் வயிற்றுக்குள் பார்வையை இறக்கியிருந்தாள். பக்கத்தில் முறுக்கு மீசை வைத்த ஆள் நோட்டைப் புரட்டினான்.

"அம்மாசியா? அலமேலு இருக்கு, அன்வர் இருக்கு, அமலா மேரி இருக்கு. அம்மாசி இல்லியேம்மா. எப்பக் குடுத்தது?"

"ரெண்டு வாரம் ஆவுதுங்க. எங்க ஊர் ஜீப்புக்காரர் சின்னராசு அண்ணன் இந்தக் கடையிலதான் குடுத்தேன்னு சொன்னாராம். கல்வராயன் மலை, மேல்ஈச்சங்காடு. நீ போறப்ப வாங்கியாடி பாப்பான்னு அம்மாசி பெரியப்பா சொன்னாரு."

"வரலம்மா" என்றாள் மேஜைக்குப் பின்னாலிருந்த பெண், நிமிராமலே. "மலையிலிருந்து ஒரு மாசமாவே ஒரு போனும் வரல."

அவ்வளவுதான். அந்தச் சாதாரண 'வரல'வில் கோகிலவாணிக்குள் எதுவோ உடைந்தது. ஒரு கிழவரின் போனைக்கூட ஒழுங்காக வாங்கிக்கொண்டு போக முடியவில்லை. நாலு மணிக்கு வேலையும் போகப்போகிறது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதே விட்டாள்.

மீசைக்காரன் பதறி எழுந்தான். "இன்னாம்மா, ஒரு போனுக்கா இப்படி அழுவற? நிர்மலா, இது வேற கேசு. எனக்கு மூக்கு வேர்க்குது பாரு."

"உங்களுக்கு ஃபேன் நின்னா மூக்கு வேர்க்கும்" என்ற நிர்மலா, கையிலிருந்ததை ஓரமாக வைத்தாள். "சேரைப் போடுங்க. டீ சொல்லுங்க. நீ உக்காரு பாப்பா. நாலு மணிக்கு இன்னா?"

கோகிலவாணி திடுக்கிட்டாள். நாலு மணி என்று அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லையே.

"வந்ததுலேர்ந்து எங்கூட்டுக் கடிகாரத்தை நாலு தபா பார்த்துட்ட. கையில மடிச்சு வெச்சிருக்கற காயிதத்துல நாலு மணின்னு வட்டம் போட்டிருக்கு, இங்கேர்ந்தே தெரியுது. குடு."

நிர்மலாவிடம் காணாமல்போன போனைக் கண்டுபிடிக்கப் போலீஸ்காரர்களே வந்து நிற்பார்கள் என்பதும், பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வந்த அந்த மீசைக்கார வீரமுத்துவுக்கு மனைவியின் துப்புகளில் மனைவியைவிட ஆசை ஜாஸ்தி என்பதும் மலைக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கோகிலவாணி சொன்னாள்.

அவள் கல்வராயன் உழவர் கூட்டமைப்பில் ஒருங்கிணைப்பாளர். மலையும் அடிவாரமும் சேர்ந்து இருபது ஊர். எல்லோரும் பேசிக்கொள்ள 'மலைக்களம்' என்று போனில் ஓர் அரங்கம். மரவள்ளிக்கு என்ன விலை, காட்டுப்பன்றிக்கு என்ன செய்வது, எல்லாம் அதில் வரும். ஒருவர் எழுதியது பிடித்தால் அதன் பக்கத்தில் இருக்கும் அம்பை அழுத்தலாம், அது ஓர் ஓட்டு. பதிவு மேலே ஏறும். மலையில் அதை 'ஏத்திவிடறது' என்பார்கள். முதல் வருடம் வேலை வெட்டி இல்லாத நாலு பேர் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கத் தங்கள் ஊர்ப் பதிவுகளையே ஏற்றிவிட்டார்கள். அதனால் ஒரு விதி வந்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ஓட்டு. அதற்கு மேல் கிடையாது.

"அந்த விதியைக் கேட்டு வாங்கினதே நான்தாங்க்கா" என்றாள். "அதுலயே இப்ப மாட்டிக்கினேன்."

இந்த வாரம் ஒரு பெரிய தேர்வு. கூட்டமைப்புக்கு ஓர் ஆஸ்பத்திரி வண்டி கிடைத்திருக்கிறது. எந்த ஊரின் கோரிக்கைக்கு ஓட்டு அதிகமோ, வண்டி அந்த ஊரில் நிற்கும். திங்கள் காலை தொடங்கி வியாழன் மதியம் முடிவு. அடிவாரத்துக் கீழ்க்கொட்டாய்க்கு ஐம்பத்திரண்டு. மேல்ஈச்சங்காட்டுக்கு முப்பத்தெட்டு.

"அப்ப தோத்துட்டீங்க. தோத்ததுக்கா அழுகை?" என்றான் வீரமுத்து.

"தோத்தது மட்டும்னா பரவால்லீங்க மாமா. எங்க முப்பத்தெட்டும் வியாழன் காலையில எட்டு பத்துலேர்ந்து எட்டு பதினேழுக்குள்ள, ஒரே எடத்துலேர்ந்து விழுந்திருக்கு. அந்த எடத்துல அப்ப இருந்தவ நான் ஒருத்திதான். ஊர் போனெல்லாம் என் மடியில இருந்துச்சு."

வீரமுத்துவின் மீசை ஒரு சுற்று இறங்கியது. "ஊர் போனெல்லாம் உன் மடியில இன்னாத்துக்கு இருந்துச்சு?"

மேல்ஈச்சங்காட்டில் டவர் கிடையாது. நாலு கிலோமீட்டர் கீழே, ரோடு திரும்பும் வளைவில்தான் முதல் சிக்னல். அதனால் ஊரில் ஒரு வழக்கம். காலையில் எல்லோரும் போனை ஒரு பையில் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய சீட்டு ரப்பர் பேண்டில் சுற்றியிருக்கும். சின்னராசு ஜீப்பை வளைவில் அரை மணி நேரம் நிறுத்துவார். முந்தின இரவு ஊரில் அழுத்தியதும் எழுதியதும் அங்கேதான் கிளம்பிப் போகும். சாயங்காலம் வெள்ளிமலைச் சந்தையிலிருந்து திரும்பும்போது மறுபடி நிறுத்துவார். புதுசாக வந்ததெல்லாம் போனில் இறங்கும். ஊரில் அறுபத்தைந்து போன். அம்மாசியுடையது ரிப்பேரில் இருப்பதால் பையில் அறுபத்து நாலு.

"திங்கக்கிழமை வழக்கம்போல நடந்துச்சு. அன்னைக்குக் கீழ எறங்கினது சின்னராசு அண்ணன் மட்டும்தான். ஊர்ல மரவள்ளி புடுங்கற வேலை. நான் ஊர்ல இருந்தேன். சாயந்திரம் போன் வந்ததும் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு, ஆஸ்பத்திரி வண்டிப் பதிவை ஏத்துங்கன்னு சொன்னேன். செவ்வாய், புதன் ரெண்டு நாளும் பேய் மழை. மரம் விழுந்து ரோடு அடைஞ்சு போச்சு, பை எறங்கவே இல்ல. வியாழக்கிழமை காலையில சின்னராசு அண்ணன், எனக்கு ஜுரம், வெள்ளிமலைக்கு டிவிஎஸ்ஸுல போய் ஊசி போட்டுக்கினு வர்றேன், நீ பையைத் தூக்கிக்கினு வளைவுக்குப் போன்னாரு. தோள்ல சுமந்துக்கினு போனேங்க்கா. பாறை மேல உக்காந்து மடியில வெச்சேன். பை உள்ள கிணுகிணுன்னு அடிச்சிக்கினே இருந்துச்சு. தொறந்துகூடப் பார்க்கல."

நிர்மலா புகார்க் கடிதத்தின் நகலைப் படித்தாள். கீழ்க்கொட்டாய் கலையரசன் எழுதியது. 'அன்று காலை 8.40-க்கு ஒருவர் போனில் தகவல் தந்தார். ஊர் போன்கள் முழுவதும் ஒருங்கிணைப்பாளர் கையில் இருப்பதாகவும், அவரே எல்லாவற்றிலும் ஓட்டுப் போடுவதாகவும் சொன்னார்.' அதன் கீழே மேலாளர் கொளஞ்சியப்பனின் குறிப்பு இருந்தது. வெள்ளி நாலு மணிக்குள் தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் வேலை மட்டும் போகும், மறுத்தால் போலீஸ். எப்படியானாலும் மேல்ஈச்சங்காடு ஒரு வருடம் மலைக்களத்திலிருந்து நீக்கப்படும்.

"ரெண்டு பக்கமும் அடைச்சிட்டாங்க" என்றாள் கோகிலவாணி. "என் ஐடியையும் நிறுத்திட்டாங்க. உள்ள போய்க் கணக்கு பார்க்கலாம்னா அதுவும் முடியாது. கையெழுத்துப் போட்டா ஊரைக் காட்டிக்குடுத்தவ. போடலன்னா ஜெயில்ல இருக்கறவ. சின்னராசு அண்ணன் வேற வழியெல்லாம், போட்டுட்டு வந்துடு பாப்பா, இத்தோட போவட்டும்னு சொல்லிக்கினே வந்தாரு. அவருதான் என்னை இறக்கிவிட்டாரு. ஆபீஸ் வாசல்ல நிக்கிறாரு."

"நிர்மலா, ஆளு யாருன்னு தெரிஞ்சிப்போச்சு" என்று வீரமுத்து தொடையைத் தட்டினான். "இந்தக் கலையரசன்தான். புகார் குடுத்தவனே குத்தவாளி!"

"அவன் ஜெயிச்சிக்கினு இருந்தவன். ஜெயிக்கறவன் எதுக்குங்க அடுத்தவ கையால தன் எதிரிக்கு முப்பத்தெட்டு ஓட்டுப் போடவெப்பான்?"

மீசை மறுபடி இறங்கியது.

"பாப்பா, பையில அறுபத்து நாலு. விழுந்தது முப்பத்தெட்டு. நீ திருடியிருந்தா மீதி இருபத்தாறை எதுக்கு வுட்டு வெச்ச?"

ஒரு நாள் முழுக்கக் கோகிலவாணி அந்த முப்பத்தெட்டையே சுற்றிச் சுற்றி வந்திருந்தாள். இருபத்தாறைப் பற்றி நினைக்கவே இல்லை. "எல்லாரும் ஏத்திட்டேன்னுதான் சொன்னாங்க" என்றாள் மெதுவாக. "செவ்வாய்க்கிழமை மழையில வூடு வூடாப் போய்ப் பார்த்தேன். எல்லார் போன்லயும் அம்பு நீலமா மாறியிருந்துச்சு."

"உன் ஐடி இல்லாட்டிப் பரவால்ல. ஏங்க, உங்க போன்ல அந்த மலைக்களத்தைப் போடுங்க. உங்க நம்பர்ல சேருங்க."

பத்து நிமிடத்தில் வீரமுத்து மலைக்களத்தின் புது உறுப்பினன் ஆனான். நிர்மலா அவன் போனில் ஏரோபிளேன் மோடைப் போட்டாள். "இப்ப இது மேல்ஈச்சங்காடு. டவர் இல்ல. ஏத்துங்க."

மரவள்ளிக்கு ஓர் அம்பு, பன்றிக்கு ஓர் அம்பு. ஐந்து ஆனது. ஆறாவதை அழுத்தினான், அதுவும் நீலமானது. ஏழு, எட்டு. எல்லாம் நீலம்.

"அஞ்சுக்கு மேல போவுதே!"

"போனுக்கு அஞ்சு தெரியாது. அஞ்சு எண்ணுறது அங்க இருக்கற கம்ப்யூட்டரு." ஏரோபிளேன் மோடை எடுத்தாள். போன் மூன்று முறை கிணுக், கிணுக், கிணுக் என்றது. திரையில் ஒரு சின்ன வரி வந்து இரண்டே நொடியில் மறைந்தது. 'இன்றைய ஐந்தும் முடிந்தது.' கடைசி மூன்று அம்புகளும் வெளுத்துப்போயின.

கோகிலவாணி அந்த வரியைப் படித்தாள். விதியை எழுதச் சொன்னவள் அவள். ஆனால் அந்த வரியை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஊரில் யாரும் பார்த்திருக்க முடியாது. அது வரும்போது போன்கள் வளைவில், பைக்குள் இருக்கும்.

"மடியில கிணுகிணுன்னுச்சே, அது இதானா?"

"அதேதான். வண்டிப் பதிவுக்கு முன்னாடி உன் ஊர்க்காரங்க வேற எதையோ ஏத்தியிருக்காங்க. திங்கக்கிழமை சாயந்திரம் மலைக்களத்துல வேற இன்னா வந்திருந்துச்சு?"

வீரமுத்து ஆசையோடு திரையைத் தள்ளிக்கொண்டே போனான். திங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்பது படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. போட்டவர் பெயர் 'மலைக்காட்சி'. ஒன்பதும் மேல்ஈச்சங்காட்டு எல்லையம்மன் தேர்த்திருவிழாப் படங்கள். செவ்வாய், புதனில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. அதற்கு முன்னும் இல்லை.

"ஐயோ" என்றாள் கோகிலவாணி. "ஓட்டு விழாத வரைக்கும் புதுசா வந்ததுதான் மேல நிக்கும். சாமி படத்தைத் தாண்டிக் கீழ இருக்கற வண்டியை யாரு ஏத்துவாங்க எங்க ஊர்ல? மொதல்ல சாமி, அப்புறந்தான் மத்தது. ஒன்பதுக்கும் அழுத்தாம வுடமாட்டாங்க. ஒண்ணுக்கு அழுத்தி ஒண்ணுக்கு வுட்டா அம்மனுக்குக் கொறை வெச்ச மாதிரி."

"பத்தாவதா உன் வண்டி. உன் கூட்டத்துக்கு எத்தினி பேர் வந்தாங்க?"

"நாப்பது பேர் இருப்பாங்க. என் கண்ணு முன்னாடியே வண்டியைத்தான் மொதல்ல ஏத்தினாங்க. மத்தவங்க காட்டுலேர்ந்து திரும்பவே இருட்டிடுச்சு."

நிர்மலா டீயைக் குடித்து முடித்தாள். மணி மூன்றேகால். "உன் உறுப்பினர் நோட்டு இருக்கா? நம்பரெல்லாம் எழுதினது?"

"இருக்குங்க்கா."

"எடுத்துக்க. ஏங்க, கடையை இழுத்துச் சாத்துங்க."

*

சேலம் ரோட்டில், மாடியில், ஒரே ஜன்னல் இருந்த கூட்டமைப்பு ஆபீஸ் அறை. ஜன்னலையும் ஓர் இரும்பு பீரோ பாதி மறைத்திருந்தது. கொளஞ்சியப்பன் மேஜையில் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. கோகிலவாணி செய்யாத குற்றத்தை அவள் பெயரிலேயே யாரோ அழகாக டைப் செய்திருந்தார்கள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். எதிரே கலையரசன், ஐம்பது வயது, கதர்ச் சட்டை. கதவோரம் சின்னராசு கை கட்டி நின்றார். அவரையும் மேலாளரே சாட்சிக்கு உள்ளே கூப்பிட்டிருந்தார்.

"இவங்க யாரு?"

"எங்க அக்கா முறைங்க சார். இது மாமா" என்றாள் கோகிலவாணி.

"சொந்தபந்தம் வந்து ஆவப்போறது ஒண்ணுமில்லம்மா. போட்டுடு."

"போட்டுடுவா சார்" என்றாள் நிர்மலா. "ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தொறந்து காட்டுங்க. அஞ்சுக்கு மேல வந்து தள்ளுபடி ஆன ஓட்டெல்லாம் ஒரு எடத்துல இருக்குமே. வியாழன், எட்டு பத்து."

"அதை யாரும்மா பார்க்கறாங்க?" என்று முனகிக்கொண்டே கொளஞ்சியப்பன் தட்டினார். தட்டியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "முந்நூத்தி இருபது."

"ஏத்துக்கினது?"

"அதுவும் முந்நூத்தி இருபது."

"அறுபத்து நாலு போனுக்கு ஆளுக்கு அஞ்சு. கூட்டினா அறுநூத்தி நாப்பது. ஏழு நிமிஷம்னா நானூத்தி இருபது செகண்டு. ஒருத்தி, அறுபத்து நாலு போனைச் சீட்டைப் பிரிச்சு எடுத்து, லாக்கைத் தொறந்து, அறுநூத்தி நாப்பது தபா அழுத்தினாளா சார்? ஒரு செகண்டுக்கு ஒண்ணரை அழுத்து?"

வீரமுத்து காற்றில் விரலால் வேகவேகமாகக் குத்திக் காட்டினான். "கை கழண்டுக்கும் சார்!"

"அழுத்தினது அவங்கவங்க வூட்டுல, திங்கக்கிழமை சாயந்திரம். மூணு நாள் போனுக்குள்ளயே கெடந்துச்சு. வியாழக்கிழமை டவரைப் பார்த்ததும் ஒண்ணா ஓடியாந்துச்சு. இவ சுமந்தது மூட்டை மட்டும்தான்."

கொளஞ்சியப்பன் தாளைத் தன் பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டார். ஆனால் நிர்மலா உட்காரவில்லை.

"அந்தத் தள்ளுபடியில ஆஸ்பத்திரி வண்டிக்கு எத்தினி சார்?"

"இருபத்தாறு."

"முப்பத்தெட்டும் இருபத்தாறும் அறுபத்து நாலு. ஐம்பத்திரண்டை விட ஜாஸ்தி. அந்த இருபத்தாறைத் தின்னது மலைக்காட்சின்னு ஒருத்தர் போட்ட ஒன்பது சாமி படம். இது யதார்த்தமா நடந்ததான்னு யோசிச்சேன். ஒன்பது படம் போட்டவருக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அஞ்சுக்கு மேல போனா ஓட்டுச் செத்துப்போவும்ன்றது ஒண்ணு. அது ஊர்க்காரங்களுக்குத் தெரியாதுன்றது இன்னொண்ணு. அந்த வரி ரெண்டு செகண்டு வந்துட்டு மறைஞ்சிடும். வர்ற எடம் வளைவு. அதை இத்தினி மாசமாப் பார்த்திருக்கக்கூடியது பையைக் கையில வெச்சிருந்தவர் ஒருத்தர்தான்."

அறையில் யாரும் சின்னராசுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததே பார்த்ததுபோல் இருந்தது.

"நான் போனைத் தொடறதே இல்லீங்க" என்றார் சின்னராசு. "பையைத் தொறக்கறதே கெடையாது. சாமி படமா? எனக்கு அந்த மலைக்களமே தெரியாது. என் போன் பட்டன் போனு." சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினார்.

அது பட்டன் போன்தான் என்று கோகிலவாணிக்கும் தெரியும். இவர் எப்படி இப்படிச் செய்வார்? நாலு வருடம் முன்பு இவளுடைய அக்காவுக்கு வலி வந்த ராத்திரி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மலையிறங்கியவர் இவர்தான். குழந்தை ஜீப்பிலேயே பிறந்தது.

"கலையரசன் அண்ணே" என்று நிர்மலா திரும்பினாள். "வியாழன் எட்டு நாப்பதுக்கு உங்களுக்கு ஒரு போன் வந்துச்சாமே. மேல்ஈச்சங்காட்டுக்காரங்க போனெல்லாம் அந்நேரம் பாப்பா மடியில. ஊர்லயும் டவர் இல்ல. அப்ப பை யாரு கையில இருக்குதுன்னும் தெரிஞ்சு, டவர் இருக்கற எடத்துலயும் இருந்தவர் யாரு? நம்பர் இருக்குமே."

கலையரசன் சங்கடத்தோடு போனைத் துழாவினார். "பேரு சொல்லலம்மா அந்த ஆளு. நானும் கேக்கல. நம்ம ஊருக்கும் ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர், அந்த ஆத்திரத்துல எழுதிக் குடுத்துட்டேன்." நம்பரைப் படித்தார்.

கோகிலவாணியின் விரல் நோட்டில் வரிவரியாக இறங்கியது. பதினேழாவது வரியில் நின்றது. "அம்மாசி பெரியப்பா நம்பரு."

"மேலாளர் சார், மலைக்காட்சி எந்த நம்பர்ல சேர்ந்திருக்கு?"

கொளஞ்சியப்பன் பார்த்தார். பார்த்துவிட்டு நோட்டின் பதினேழாவது வரியில் பேனாவை வைத்தார்.

"அப்ப அம்மாசிதான்!" என்று சின்னராசு குரலை உயர்த்தினார். "நான் அப்பவே நெனைச்சேன், அந்த ஆளு..."

"அம்மாசி போன் இப்ப எங்க இருக்கு அண்ணே?"

"ரிப்பேர்ல. ரெண்டு வாரமா."

"எந்தக் கடையில?"

"இங்கதான், பஸ் ஸ்டாண்டு கிட்ட. நிர்மலா செல் சர்வீஸ்னு. அந்தம்மா கையிலயேதான் குடுத்தேன். இன்னைக்குத் தர்றேன், நாளைக்குத் தர்றேன்னு இழுத்துக்கினே இருக்குது."

வீரமுத்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இழுத்துக்கினு இருக்கறது நான்தான்" என்றாள் நிர்மலா, குரலை ஏற்றாமலே. "கடையில எழுதியிருக்கற நிர்மலா நான். உங்களை இன்னைக்குத்தான் மொதல் தபா பார்க்கறேன். போனைக் குடுத்துடுங்க அண்ணே."

ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு முழ வெளிச்சம் இருந்தது. சின்னராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் வீரமுத்து நின்றான். ஆனால் அவர் ஓடுகிற ஆளாகத் தெரியவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ரப்பர் பேண்டும், 'அம்மாசி' என்று கோகிலவாணியே எழுதிய சீட்டும் இன்னும் சுற்றியிருந்தன.

"ஊர்ல பாதிப் பேரு கூட்டத்துலயே வண்டியை மொதல்ல ஏத்திட்டாங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சிப்போச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். "படம் மட்டும் போதாதுன்னு பயந்துட்டேன். அதான் ஜுரம்னு சொல்லிப் பையை உன் கையில குடுத்தேன். பதினோரு வருஷம் பாப்பா. மழை, இருட்டு, எவன் கூப்புட்டாலும் இல்லன்னு சொன்னது கெடையாது. ஓசி வண்டி ஊருக்குள்ள வந்து நின்னா என்னை இன்னாத்துக்குக் கூப்புடுவாங்க? மரவள்ளி மூட்டை ஏத்தவா? உன்னை ஜெயிலுக்கு அனுப்பணும்னு நெனைக்கலம்மா. கையெழுத்தோட போயிடும்னு நெனைச்சேன்."

கோகிலவாணிக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது.

கொளஞ்சியப்பன் தொண்டையைக் கனைத்தார். அடுத்தவர் நம்பரில் போலியாகச் சேர்ந்தவரின் பதிவுகளை நீக்கினால், அவற்றுக்கு விழுந்த ஓட்டு போட்டவருக்கே திரும்பும். தள்ளுபடியான ஓட்டுகளை வரிசைப்படி மறுபடி எண்ண வேண்டும். அதுவும் விதிதான். ஒவ்வொன்றாக ஒன்பது படங்களை நீக்கினார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது.

"அறுபத்து நாலு" என்றார்.

கலையரசன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க ஊர்க்காரங்களுக்கு நான் போய் இன்னா சொல்றது?" என்று யாரையோ கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"போலீசுக்குச் சொல்லணுமா கோகிலா?" என்றார் மேலாளர். "வண்டி அடுத்த மாசக் கடைசியிலதான் வரும். இந்தாளை இன்னா பண்றதுன்னு நீயே சொல்லு."

"ஊர்ல கேட்டுச் சொல்றேன் சார்."

வாசலில் வீரமுத்து நிர்மலாவின் காதில் கிசுகிசுத்தான்: "நான் மொதல்லயே டிரைவரைத்தான் சந்தேகப்பட்டேன். கலையரசன்னு சொன்னது சும்மா, உன்னை டெஸ்ட் பண்ண." நிர்மலா அம்மாசியின் போனைக் கோகிலவாணி கையில் வைத்தாள். "டிஸ்ப்ளே மட்டும் லேசாக் கீறியிருக்கு. ரிப்பேர்னு சொல்ற அளவுக்கு வேற ஒண்ணுமில்ல. மாத்தணும்னா அந்தப் பெரியவரை அனுப்பு."

*

மேலே போகும் கடைசி பஸ் சங்கராபுரத்தோடு நின்றுவிடும் என்றார்கள், மழையில் ரோடு சரியில்லையாம். அதற்கு அப்பால் மேல்ஈச்சங்காட்டுக்குப் போக அன்று ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. கோகிலவாணி கொஞ்ச நேரம் ரோட்டோரம் நின்று பார்த்தாள். பிறகு சின்னராசுவின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு மணி நேரம் ஜீப் குலுங்கிக்கொண்டே போனது. மலை ஏறத் தொடங்கியதும் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. ஒருமுறை மட்டும் அவர் கேட்டார்.

"ஊர்ல சொல்லிடுவியா?"

"அறுபத்தஞ்சு பேருக்கும் சொல்லணும். அம்மாசி பெரியப்பாவுக்கு மொதல்ல."

"சொல்லு. நான் வண்டியை வளைவுலயே போட்டுட்டு எங்கியாவது போயிடறேன்."

வளைவு வந்தது. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ரோட்டின் நடுவில் ஒரு பைக் சாய்ந்து நின்றது. பக்கத்தில் கவியரசன், மேலத்தெருப் பையன், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அண்ணே! உனக்குத்தான் அடிச்சிக்கினு இருக்கேன், எடுக்கவே மாட்டன்ற! எங்க அண்ணி செவ்வந்திக்கு வலி வந்துடுச்சு. காலையிலேர்ந்தே. தண்ணி ஒடைஞ்சிப்போச்சுன்றாங்க. சீக்கிரம் வா!"

சின்னராசு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கோகிலவாணியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"வண்டியை எடுங்க" என்றாள்.

ஜீப் பாய்ந்தது. பக்கத்திலேயே பைக்கை ஓட்டிக்கொண்டு வந்த கவியரசன் சத்தம் போட்டான்: "கோகிலா, மீட்டிங்கு இன்னா ஆச்சு? நமக்கா, அவங்களுக்கா?"

"நமக்குத்தான்."

"அடி சக்கை! எப்ப வருதாம்?"

"அடுத்த மாசக் கடைசி."

"அவ்ளோ நாளா?" அவன் முகம் ஒரு கணம் தொங்கி, உடனே மலர்ந்தது. "பரவால்ல. அதுவரைக்கும் நம்ம சின்னராசு அண்ணன் இருக்காரு."

கோகிலவாணி பின்சீட்டிலிருந்த காலி மரவள்ளிச் சாக்குகளை எட்டி எடுத்து, படுக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கத் தொடங்கினாள். சின்னராசு இரண்டாவது கியருக்கு இறக்கினார்.